உப்பு போட்ட மூலை

ஜனவரி 8, திங்கள்

இந்த டைரியில் முதல் ஏழு பக்கம் காலி. பங்கு அலுவலகத்துக்கு வந்த மூன்று டைரிகளில் ஒன்றை ஃபாதர் எனக்குக் கொடுத்தார். புத்தாண்டு அன்று அதை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, பத்திரமாக வையுங்கள் என்றேன். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார். இன்று காலை மாவு சலிக்கச் சல்லடையை எடுத்தபோது அதன் அடியில் இருந்தது.

தனிஸ்லாஸ் கையில் ஒரு பொருளைக் கொடுப்பதும் கொள்ளிடத்தில் போடுவதும் ஒன்று. கண்ணாடி, குடை, வீட்டுச் சாவி எல்லாம் அப்படித்தான். ரயில்வே பட்டறையில் வருகைக்காக ஆளுக்கொரு பித்தளை டோக்கன் கொடுத்திருந்தார்கள். அதையே தொலைத்துவிட்டு மெமோ வாங்கி வந்த ஆள். முப்பது வருடத்துக்கு மேலாக அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கொள்வார். ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

இன்று அலுவலகத்தில் கபிரியேல் ஃபாதர் மகிழ்ச்சியாக இருந்தார். எங்கள் சுண்ணாம்புமேடு சூசையப்பர் கோயிலுக்கு இது இருநூற்று இருபத்தைந்தாவது வருடம். அதன் நினைவாகக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலத்தில் சமுதாயக் கூடம் கட்ட ஆயர் இல்லத்தில் சம்மதித்துவிட்டார்களாம். நல்ல காரியம். போன வெள்ளத்தில் இந்த வட்டாரமே கோயிலுக்குள் வந்து படுத்தது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் நான்கு நாள் பெண்கள் குளிக்க ஒரு மறைப்பு கிடையாது. கூடம் தேவைதான்.

"அக்கா, அந்த நிலத்துல யாரையும் அடக்கம் பண்ணலன்னு ஒரு கடிதம் வேணும். பதிவேடெல்லாம் நீங்கதானே பாக்குறீங்க" என்றார்.

"பாத்துச் சொல்றேன் ஃபாதர்" என்றேன்.

ஜனவரி 10, புதன்

சூசையப்பர் நவநாள். வழக்கம்போல் கூட்டம். எங்கள் கோயிலில் புதன்கிழமை வருகிறவர்களில் பாதிப்பேர் பங்கு மக்கள் இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மசூதித் தெருவிலிருந்து வருவார்கள், மாரியம்மன் கோயில் தெருவிலிருந்தும் வருவார்கள். கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் போட்டுவிட்டுப் போவார்கள். அதை யாரும் கேட்பதில்லை.

கோயில் கூட்டும் செல்வராணி அலுவலக வாசலில் நின்று புலம்பினாள். வடகிழக்கு மூலையில், சுவரோரமாக, யாரோ உப்பைக் கொட்டுகிறார்களாம்.

"கொடிமரத்தடியில போட்டா நேர்ச்சன்னு சொல்லலாம். அங்க என்ன சிலுவ இருக்கா, சுரூபம் இருக்கா? மழ பேஞ்சா கரைஞ்சு போவுது, மறுவாரம் பாத்தா மறுபடி கெடக்கு. நான் வச்ச வேப்பங்கன்னு மூணும் பட்டுப்போச்சு" என்றாள்.

"யாராவது எறும்புக்குப் போடுவாங்க" என்றேன்.

"எறும்புக்கு உப்பா போடுவாங்க?"

அவள் கேட்டது நியாயம்தான். எனக்கு வேலை இருந்தது.

சாயங்காலம் மளிகைக்கடையில் ஒரு கிலோ கல்லுப்பு வாங்கினேன். வீட்டில் இரண்டு பேர்தான். இருவருக்கும் ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஊறுகாய் போடுகிறேன் என்றேன்.

ஜனவரி 12, வெள்ளி

பதிவேடு தொடங்கிய 1803 முதல் 1899 வரை பார்த்தாயிற்று. பின் நிலத்தில் ஒருவரும் இல்லை.

ஜனவரி 18, வியாழன்

அடக்கப் பதிவேடு எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். இந்த வேலையில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. முப்பது வருடமாக இந்தப் பதிவேடுகள் என் பொறுப்பு. முன்பு இதை எழுதிவந்த எந்தக் கோயில்பிள்ளை எந்த மாதிரி 'ழ' போடுவார் என்பதுவரை தெரியும். பெயர், தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, வயது, ஞானஸ்நானம் பெற்ற நாள், அடக்கம் செய்த இடம், செய்தவர். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த வரி செல்லாது. எழுதியதை அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. தவறு இருந்தால் ஓரத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட வேண்டும். இருநூறு வருடமாக இதுதான் முறை.

ஞானஸ்நானம் இல்லாதவருக்கு அந்தப் பதிவேட்டில் வரி கிடையாது.

1990 மே மாதப் பக்கத்தில் இரண்டு பேர். நான்காம் தேதி சவரிமுத்து, வயது 71. இருபத்திரண்டாம் தேதி கத்தரீனம்மாள், வயது 58. நடுவில் ஒன்றும் இல்லை. மூன்று முறை பார்த்தேன்.

கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். 'மேற்படி நிலத்தில் அடக்கம் நடந்ததாக 1803 முதல் இன்றுவரை எந்தப் பதிவும் இல்லை.' கீழே என் கையெழுத்து, அமலோற்பவம் தனிஸ்லாஸ், பங்கு அலுவலகம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் பொய் எழுதுகிறவள் அல்ல.

சாப்பிடும்போது அவர் கேட்டார், "என்ன எழுதிக் குடுத்த?"

"பதிவேட்டுல உள்ளத எழுதினேன்."

அவர் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டார். மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 21, ஞாயிறு

பூசை முடிவில் கூடம் பற்றி ஃபாதர் அறிவித்தார். பலத்த கைதட்டல். பங்குப் பேரவைச் செயலாளர் விக்டர் எழுந்து நின்றே தட்டினார். பெண்கள் பக்கம் நடுவரிசையில் நான்கைந்து பேர் தட்டவில்லை, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என் வயதுக்காரிகள்.

நான் தட்டினேன்.

ஜனவரி 31, புதன்

கனகவல்லி வந்தாள். கோயில் வாசலில் பூ விற்கிறவள். பங்கைச் சேர்ந்தவள் இல்லை, நெற்றியில் திருநீறு போடாமல் வரமாட்டாள். இருபத்தைந்து வருடமாகத் தினம் பார்க்கிறேன், அலுவலகத்துக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"ஆபீஸக்கா, பின்னாடி கட்டுறாங்களாமே. அந்த மூலையும் சேத்தா?"

"சேத்துத்தான். ஆனா ஆழமாத் தோண்ட மாட்டாங்க. தரைய ரெண்டடி வெட்டி மேல தளம் போடுறது, அவ்வளவுதான்."

"ரெண்டடின்னா ஒண்ணும் ஆவாதில்ல?"

"என்ன ஆவணும்?" என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் ஒரு முழம் மல்லிகையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இதை எழுதிவைப்பதில் தப்பில்லை. இப்போது கோயில் பூந்தொட்டிகளை அடுக்கியிருக்கும் இடத்தில் முன்பு கன்னியர் மடத்து ஆஸ்பத்திரி இருந்தது. எட்டுக் கட்டில். இந்த வட்டாரத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அங்கே பிறந்தவர்கள்தான், எந்த மதமாக இருந்தாலும். பிறந்தும் பிழைக்காதவர்களும் உண்டு. அவர்களை அப்போதைய கோயில்பிள்ளை மிக்கேல் எடுத்துக்கொண்டு போவார். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்பது அந்தக் காலத்துச் சாமியாரின் உத்தரவு. கூட வருகிற ஆம்பளையும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. படுத்திருக்கும் தாயிடம் சிஸ்டர் வந்து, "ஒண்ணும் கேக்காதம்மா, கேட்டா மனசுல தங்கிப்போயிரும்" என்று சொல்லுவார். நல்லதற்குத்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்று நாள் கழித்து ஜன்னல் வழியே பார்த்தால் அந்த மூலையில் மண் நிறம் மாறியிருப்பது தெரியும். அதைவிட வேறு அடையாளம் கிடையாது.

பிப்ரவரி 6, செவ்வாய்

மண் பரிசோதனை அறிக்கை வந்தது. இன்ஜினியர் ஹென்றி ஃபாதர் அறையில் வரைபடத்தை விரித்துவைத்திருந்தார். தேநீர் கொண்டுபோனது செல்வராணி. நான் பழைய கோப்பு ஒன்றை எடுக்கப் போனேன்.

"மத்த எடமெல்லாம் நல்ல மண்ணு ஃபாதர். இந்த வடகிழக்கு மூலையில மட்டும் உப்பு பயங்கரமா ஏறிக் கெடக்கு. எனக்கே புரியல. கடல் இங்கேருந்து எங்கயோ இருக்கு. சாயப்பட்டறையும் கெடையாது. இதுமேல அப்படியே கட்டினா கம்பி துருப்பிடிச்சு, பத்தே வருஷத்துல விரிசல் விட்டுரும்."

"என்ன செய்யலாம்?"

"அந்த மூலைய மட்டும் ஆறடிக்கு வெட்டி, மண்ண மொத்தமா வெளிய ஏத்திட்டு, ஆத்து மணலும் கிராவலும் போட்டு நெரப்பணும். வேற வழியில்ல."

செல்வராணி தேநீர்த் தட்டோடு நின்று என்னைப் பார்த்தாள். எறும்பு நினைவு வந்திருக்க வேண்டும். நான் போன வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். படியிறங்கும்போது தலை சுற்றியது. ரத்தக் கொதிப்பு மாத்திரையைக் காலையில் போட்டேனா என்பது நினைவில் இல்லை.

வாரம் ஒரு பிடி. முப்பத்து மூன்று வருடம். நான் ஒருத்தி மட்டும் போட்டிருந்தால் ஒருவேளை இவ்வளவு ஏறியிருக்காது.

பிப்ரவரி 7, புதன்

நவநாளுக்குக் கையை வீசிக்கொண்டு போனேன்.

பிப்ரவரி 14, புதன்

திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு எல்லோரும் வெளியே வந்தோம். மனிதன் மண்தான் என்பதை நினைவுபடுத்துகிற நாள். எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

மூலைப் பக்கம் போகக் கூடாது என்று இருந்தேன், கால் போய்விட்டது. அங்கே ஏற்கெனவே ஆறு பேர் நின்றார்கள். ஒருத்தி ஜெபமாலை உருட்டினாள். ஒருத்தி சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். தையல் மிஷின் வைத்திருக்கும் லூர்துமேரி சுவரில் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இத்தனை வருடமும் இப்படித்தான் வந்து போயிருக்கிறோம், ஆளுக்கொரு சாக்கு வைத்துக்கொண்டு. அடுத்தவள் போட்ட உப்பைப் பார்த்தாலும் செல்வராணி வந்து பெருக்கட்டும் என்று போய்விடுவோம்.

கனகவல்லி பூக்கூடையோடு வந்தாள். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"அங்க ஒண்ணுமே இல்லன்னு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமேக்கா. விக்டர் சார் சொன்னாரு."

"பதிவேட்டுல இல்லன்னு எழுதினேன்."

"பதிவேட்டுல எப்புடிக்கா இருக்கும்? என் புள்ளைய எந்தச் சாமியாரு எழுதுவாரு?"

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அலுவலகத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். திருநீற்றுப் புதனன்று அலுவலகம் விடுமுறை. அது அவர்களுக்கும் தெரியும்.

பிப்ரவரி 17, சனி

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். ஏழாவது ஆள். ஒவ்வொருவராக நகர நகர, சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துக்கொண்டேன். முழந்தாளிட்டதும், செல்வராணியிடம் எரிந்து விழுகிறேன் ஃபாதர், வீட்டுக்காரரைக் குத்திக்காட்டுகிறேன் ஃபாதர் என்று இரண்டு பாவம் சொன்னேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார்.

எழும்போது, "வேற ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேட்டார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்.

"தூபத்துக்குச் சாம்பிராணி தீந்துபோச்சு ஃபாதர்" என்றேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஜேசிபி திங்கட்கிழமை வருகிறது. மண்ணைப் பைபாஸ் பக்கம் பள்ளமாகக் கிடக்கும் ஒரு மனையில் கொட்டுகிறார்கள். விக்டருடைய மச்சானின் மனை. அவர்களுக்கு மேடாக்க மண் வேண்டும், நமக்கு மண் போக வேண்டும். விக்டர் இதைப் பெரிய சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு முன்னால் போய் நின்றேன்.

"எந்த எடத்துலங்க?"

எதை என்று அவர் கேட்கவில்லை. நான் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் அது தயாராக இருந்திருக்கிறது.

"ஞாபகமில்ல அமலோ."

"சுவத்துப் பக்கமா, அந்தப் பழைய வேப்பமரத்துப் பக்கமா? பாதி எடத்ததான் வெட்டுறாங்க. வேப்பமரத்துப் பக்கம் வெட்டல."

"ஞாபகமில்லன்னு சொல்றேன்ல."

"உங்களுக்கு எதுதான் ஞாபகம் இருந்திருக்கு? கையில குடுத்த டோக்கனையே தொலைச்சவரு நீங்க."

அவர் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். குடிக்கிற பழக்கம் இல்லாதவர். எங்கே போனார் என்று கேட்கவில்லை. செருப்பில் கோயில் பின் நிலத்துச் சாம்பல் நிற மண் ஒட்டியிருந்தது.

1990 மே 11. இந்தத் தேதியை நான் எங்கும் எழுதிவைத்ததில்லை. இங்கே எழுதிவிட்டேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு. அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு குழந்தை இல்லை.

பிப்ரவரி 22, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடம் தனியாகச் சொல்லிவிடுவேன். திங்கள்தான் ஜேசிபி. ஒருநாள் இருக்கிறது.

பிப்ரவரி 24, சனி

ஓட்டுநருக்குத் திங்கட்கிழமை வேறு வேலை வந்துவிட்டதாம். இன்றே வந்துவிட்டார்.

நான் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். கனகவல்லி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "தோண்டுறாங்கக்கா" என்றாள். கூடையை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். இந்த வயதில் ஓடினால் ஊரே பார்க்கும். பார்த்தது.

நான் போனபோது மூன்றாவது லாரியும் கிளம்பிவிட்டது. சுவர்ப் பக்கம் பெரிய பள்ளம். வேப்பமரத்துப் பக்கம் அப்படியே இருந்தது. பள்ளத்து ஓரத்தில் மண் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அது எங்கள் உப்பு.

ஃபாதர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். விக்டர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தச் சொல்லுங்க ஃபாதர். அதுக்குள்ள புள்ளைங்க இருக்கு."

"எந்தப் புள்ளைங்க?"

"எங்க புள்ளைங்க."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. முப்பத்தெட்டு வயது மனிதர், வேறு ஊர்க்காரர். கனகவல்லி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். லூர்துமேரி வந்தாள். யாரும் கூப்பிடாமலே இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். ஃபாதர் எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு பள்ளத்தைப் பார்த்தார். கையைத் தூக்கி ஜேசிபியை நிறுத்தச் சொன்னார்.

"நீங்கதானே அக்கா எழுதிக் குடுத்தீங்க" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பதிவு இல்லன்னுதான் எழுதினேன் ஃபாதர்."

"நான் கேட்டது அது இல்லையே."

ஆறு வாரம் இருந்தது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் இருபத்திரண்டு வயதில் அந்தக் கட்டிலில் படுத்திருந்தவளாக மறுபடி ஆகிவிடுவேனோ என்று பயந்தேன். இங்கே முப்பது வருடமாக நான் அலுவலக அக்கா. அதற்கு ஆசைப்பட்டு மூன்று லாரி மண்ணை அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 26, திங்கள்

சல்லடை எடுத்துக்கொண்டு பைபாஸ் மனைக்குப் போனோம். சூசையப்பர் திருவிழாவரை மண்ணைப் பரப்பாமல் விட்டுவைக்க ஃபாதர் பேசியிருக்கிறார். பதினொரு பேர் வந்தோம். ஆளுக்கொரு குவியல்.

பிப்ரவரி 27, செவ்வாய்

பதினாறு பேர். எலும்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவ்வளவு சிறிய எலும்பு இத்தனை வருடம் இருக்காது என்று ஃபாதர் மெதுவாகச் சொன்னார். ஊக்கு இரண்டு, கறுத்துப்போன வெள்ளிக் காப்பு ஒன்று, துணியாக இருந்திருக்கக்கூடிய ஏதோ. லூர்துமேரி காப்பைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அம்மா போட்டு அனுப்பியதாம்.

எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது நல்லது என்று ஒவ்வொரு சல்லடைக்கும் நினைத்துக்கொண்டேன். கிடைக்காவிட்டால் வேப்பமரத்துப் பக்கம் என்று அர்த்தம். நான் எழுதிய கடிதம் அதைத் தொடவில்லை என்று அர்த்தம்.

பிப்ரவரி 28, புதன்

பத்தொன்பது பேர். இன்று தனிஸ்லாஸும் வந்தார். கேட்காமலே வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு மண் தள்ளிக்கொடுத்தார். ஆம்பளைகளில் அவர் ஒருவர்தான்.

பதினொரு மணி இருக்கும். கனகவல்லி சல்லடையிலிருந்து ஏதோ எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

"இது என்னக்கா, காசா? இல்ல, ஓட்ட போட்டிருக்கு, நம்பர் வெட்டியிருக்கு. பட்டறையில குடுக்குற வில்ல மாதிரி இருக்கே. அண்ணே, இங்க பாருங்க."

வட்டமாக, பச்சை பிடித்த பித்தளை. எண் 4172.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். வாங்கி வேட்டியில் தேய்த்தார். பிறகு வலது கைப் பெருவிரலால் எண்ணைத் தடவிக்கொண்டே நின்றார்.

"ஒரு குளுக்கோஸ் பாட்டில் அட்டைப்பெட்டி குடுத்தாங்க" என்றார். என்னிடம் சொன்னாரா, மண்ணிடம் சொன்னாரா தெரியவில்லை. "சிலுவ நடட்டுமான்னு கேட்டேன், கூடாதுன்னுட்டாரு மிக்கேல் அண்ணன். கல்லு ஒண்ணு வைக்கவான்னு கேட்டேன், அதுவும் கூடாது. பேரும் இல்ல. ஒண்ணுமே இல்லாம எப்புடி அனுப்புறது? சட்டப்பையில இதுதான் இருந்துச்சு."



"தொலைக்கல அமலோ" என்றார்.

கனகவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் சலிப்பதை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்கள். ஆக, சுவர்ப் பக்கம்தான். மூன்று லாரியில் ஒன்றில் வந்திருக்கிறது. நான்தான் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 3, ஞாயிறு

பங்குப் பேரவைக் கூட்டம். விக்டர் கத்தினார். கூடம் ஒரு வருடம் தள்ளிப்போகும், வரைபடம் மாற வேண்டும், ஆயர் இல்லத்தில் தலை காட்ட முடியாது, இனி அந்த அலுவலகத்திலிருந்து வரும் சான்றிதழை யார் நம்புவார்கள் என்றார். கடைசியாகச் சொன்னது சரிதான்.

நான் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். ஃபாதர் வாங்கிக்கொண்டார். "திருவிழாவரைக்கும் இருங்க அக்கா. ஒரு வேல பாக்கி இருக்கு" என்றார்.

மார்ச் 19, செவ்வாய்

சூசையப்பர் திருவிழா. நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் அவர். காலையில் பாட்டுப் பூசை, பொங்கல், பந்தல். இந்த வட்டாரமே வந்திருந்தது. சாயங்காலம் நான்கு மணிக்குப் பைபாஸிலிருந்து மூன்று லாரி மண்ணும் திரும்பி வந்தது. வேப்பமரத்துப் பக்கத்து நிலத்தை ஃபாதர் ஜெபம் சொல்லி மந்திரிக்க, அதன்மேல் மேடாகக் கொட்டினார்கள். கூடம் இனி சுவர்ப் பக்கம் மட்டும்தான், சின்னதாக. இந்த மேட்டைத் தொட மாட்டார்கள். காப்பு, ஊக்கு, டோக்கன் எல்லாம் உள்ளே போயிற்று. மணி அடித்தார்கள். மணிச்சத்தம் கேட்டு வெளியே இருந்தவர்கள் யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். செல்வராணிதான் வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னாள்.

பிறகு ஃபாதர் அடக்கப் பதிவேட்டை மேசையில் விரித்து, என் முன்னால் பேனாவை வைத்தார்.

"ஞானஸ்நானக் கட்டம் காலியா இருந்தா வரி செல்லாது ஃபாதர்" என்றேன்.

"கோடு போட்டுட்டு எழுதுங்க. கீழ நான் கையெழுத்துப் போடுறேன்."

பத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள். பெயர் இருந்தவர்கள் பெயர் சொன்னார்கள். கனகவல்லி முருகேசன் என்றாள். தகப்பன் பெயர், தேதி, எல்லாவற்றையும் அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நான் எழுதினேன். அடக்கப் பதிவேட்டில் முருகேசன் இதுதான் முதல் தடவை. ஃபாதர் அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டார்.

கடைசியாக என் வரி. மே 11, 1990. தகப்பன், தனிஸ்லாஸ். அடுத்த கட்டம் ஆணா பெண்ணா. அதில் பேனா நின்றுவிட்டது. எனக்குத் தெரியாது. சிஸ்டர் கேட்காதே என்றார், நான் கேட்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் அதற்கு உப்பு போட்டிருக்கிறேன், அது என்னவென்று தெரியாமல்.

தனிஸ்லாஸ் கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

"பொண்ணு" என்றார்.

எழுதினேன். பெயர்க் கட்டத்துக்கு அவரைப் பார்த்தேன். பெயர் வைக்கவில்லை என்று தலையாட்டினார். இப்போது வைப்பதற்கு இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. 'பெயர் இல்லை. அடையாளம், பட்டறை டோக்கன் எண் 4172' என்று எழுதினேன். அடக்கம் செய்தவர் என்ற கட்டத்தில் மிக்கேல் பெயரை எழுதப் போய், நிறுத்தி, தகப்பன் என்று எழுதினேன்.

ஜனவரியில் நான் கொடுத்த கடிதத்தைக் கிழித்துவிடவா என்று ஃபாதர் கேட்டார். வேண்டாம், கோப்பில் இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 20, புதன்

அலுவலகம் போகவில்லை. இனிப் போக வேண்டியதில்லை.

காலையில் அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் தலைமேல் இருந்தது. நான் குத்திக்காட்டாமல் எடுத்துக் கொடுத்தேன். மறுபடி தொலைத்துவிட்டேன் என்று அவரே சிரிக்கப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார்.

கஞ்சி வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன். இரண்டு பேரும் அப்படியே குடித்தோம்.

டைரியை முதலிலிருந்து புரட்டினேன். ஜனவரி எட்டாம் தேதி, அவர் டோக்கனைத் தொலைத்ததாக எழுதியிருக்கும் வரி. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். எழுதியதை அடிக்கக் கூடாது. ஓரத்தில், இன்றைய தேதி போட்டு எழுதினேன்:

தொலைக்கவில்லை. - அ.